பஞ்சகிரியை நடந்து காண வழி செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பல, ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்குப் புறப்பட்டு, வண்டி வரிசையில் காத்திருந்து, சூரிய உதயத்தைப் படம் பிடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகின்றன. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்திகிரி, பஞ்சகிரி எனப்படும் ஐந்து குன்றுகளுள் ஒன்றுதான். பிரம்மகிரி, சென்னகிரி, ஸ்கந்தகிரி, திவ்யகிரி ஆகிய மற்ற நான்கின் பெயர்கூட நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. மாசி மாதத்தில் வானம் தெளிந்திருக்கும் ஒரு நாளில், இவற்றில் இரண்டு மூன்று உச்சிகளை அடுத்தடுத்து ஏறி இறங்குவதைவிட நிறைவான பொழுது இந்நகருக்கு அருகில் வேறில்லை என்பது, பல ஆண்டுகளாக அங்கு நடந்துவரும் என் உறுதியான கருத்து.

அப்போது அடிவாரத்துப் புங்க மரங்கள் பளபளக்கும் புதுத் தளிர் விட்டிருக்கும்; சரிவுகளில் புரச மரங்கள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுச் செம்மஞ்சள் பூக்களோடு நிற்கும். பாறை மேல் மழைநீர் தேங்கிய குழிகள் வற்றி, ஓரத்தில் வெண்படலம் வளையமாகப் படிந்திருக்க, நடுவே எஞ்சிய கையளவு நீரைத் தும்பிகள் சுற்றிக்கொண்டிருக்கும். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளுக்கே உரிய அரிய பறவையான மஞ்சள்தொண்டைச் சின்னானும் இங்கு வாழ்கிறது. கூட்டத்தை விட்டு விலகிப் புதர் மண்டிய பாறை இடுக்குகளின் பக்கம் பொறுமையாக நிற்பவர்களுக்கே அது தென்படும்.

ஓர் உச்சியில் நின்று அடுத்த உச்சியைப் பார்க்கும்போதுதான் இந்த நிலத்தின் அமைப்பும் புரிகிறது. இப்பகுதியில் பிறக்கும் வடபெண்ணை ஆந்திரத்துக்குப் போகிறது. தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமாகச் சென்று கடலூரில் கடலைச் சேர்கிறது. பாலாறும் அர்க்காவதியும் இங்கேதான் தோன்றுகின்றன. வேலூரையும் கடலூரையும் சொந்த ஊராகச் சொல்லும் நம் பிள்ளைகள், தங்கள் ஆறுகள் புறப்படும் இடத்தை ஒருமுறையாவது காலால் நடந்து அறிந்துகொள்வது மிக அவசியம்.

ஆனால் இன்று ஒரு குன்றிலிருந்து இறங்கி, சாலையைச் சுற்றிச் சென்றுதான் அடுத்ததன் அடிவாரத்தை அடைய வேண்டியிருக்கிறது. சுற்றுலாத் துறையும் வனத்துறையும் இணைந்து, குன்றுகளின் அடிவாரங்களை இணைக்கும் நடைபாதை ஒன்றை அடையாளமிட்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும்.

நடக்கச் செல்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இதே பருவத்தில்தான் சரிவுப் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அனுமதி பெறாமல் ஏறுவதும், மேலே அடுப்பு மூட்டுவதும், புகைபிடிப்பதும் அறவே கூடாது. விடியலில் தொடங்கி முற்பகலுக்குள் இரண்டு குன்றுகளை முடித்துவிட்டு, பாறை சூடேறும் நடுப்பகலில் நந்தி மலையடிவாரத்துப் போகநந்தீசுவரர் கோயில் பக்கம் நிழலில் தங்கி, வெயில் தாழ்ந்த பின் உடல் இடம் கொடுத்தால் மட்டும் மூன்றாவதை ஏறலாம்.

பங்குனி வெயில் கடுமையாகும் முன், அனுமதி பெறும் முறையையும் பாதுகாப்பு விதிகளையும் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.