ஐஸ் கட்டியை மிக்ஸியில போடச் சொன்னது யாருங்க?

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம். மதுரை திருநகர்ல இருந்து எழுதுறேன். எங்க மாமனார் இருந்த காலத்துல இருந்து இந்த வீட்டுக்கு உங்க பேப்பர்தான் வருது, மழை பேஞ்சு நனைஞ்சு வந்தாக்கூட மின்விசிறிக்கு அடியில காயப்போட்டு படிக்கிற ஆளுக நாங்க, அந்த உரிமையில கொஞ்சம் கோவமா எழுதுறேன் தப்பா எடுத்துக்காதீங்க.

போன வாரம் இணைப்புல "வீட்டிலேயே வெனிலா ஃப்ராப்பே"ன்னு அரைப்பக்கம் கலர் போட்டோவோட போட்டுருந்தீங்கள்ல, சில்லுனு நுரைக்க அடிச்ச பால் பானம், அதைப் பத்தித்தான். என் பேரன் லீவுக்கு வந்துருக்கான், அவன் அப்பன் ஒரு நாள் மால்ல கூட்டிட்டுப் போயி இதே ஐட்டத்தை இருநூத்துச் சொச்சம் குடுத்து வாங்கிக் குடுத்துட்டான், அன்னையில இருந்து "அப்பத்தா அந்த வெள்ளை ஜூஸ்"னு ஒரே நச்சரிப்பு. சரி நம்ம பேப்பர்லயே வந்துருக்கேன்னு வெட்டி வச்சு சாமான் சேர்க்கப் போனேன்.

முதல்ல "ஒரு வெனிலா பீன்", அதாவது வெனிலாக் காய். கீழமாசி வீதியில ரெண்டு கடை கேட்டேன், ஒரு அண்ணே பட்டர் பீன்ஸை எடுத்துக் காட்டுறாக. அடுத்து "சாந்தன் கம் கால் டீஸ்பூன்"னு போட்டுருந்துச்சு, பானம் கெட்டியா நிக்கப் போடுற பொடி அது, அதைக் கேட்டா "சந்தனமாக்கா, பூஜைச் சாமான் அங்கிட்டு"ன்னு கையை நீட்டிட்டாரு. மூணாவது "ஹாஃப் அண்ட் ஹாஃப் ஒரு கப்". இது அமெரிக்காக்காரங்க காபிக்கு ஊத்துற, பாலும் க்ரீமும் பாதிப் பாதி கலந்த டப்பா. நம்ம ஊர் பால் பூத்ல போயி பாதிப் பாதி குடுங்கன்னா அரை லிட்டர் பாக்கெட்டைத்தான் எடுத்துக் குடுப்பாரு.

போகட்டும், இதெல்லாம் கூட இல்லாட்டி இல்லைன்னு விட்டுறலாம். ஆனா "ரெண்டு கப் ஐஸ் கட்டிகளை மிக்ஸியில் போட்டு ஒரு நிமிடம் ஓடவிடவும்"னு எழுதுனீங்க பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை. போட்டேன். கல்லுக்குவாரி மாதிரி ஒரு சத்தம், வாசல்ல கோலத்துக்குப் பக்கத்துல படுத்துருந்த நாய் எந்திரிச்சு ஓடிருச்சு, இருபது செகண்டுல மிக்ஸி கப்புனு நின்னுபோச்சு. மோட்டார் போச்சுன்னு நான் தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டேன், வீட்டுக்காரவுகதான் மிக்ஸியைக் கவுத்து அடியில இருக்குற சின்ன செவப்பு பொத்தானை அமுக்கி உயிர் குடுத்தாக (சுமை கூடுனா மோட்டார் கருகிறாம தானா கட் ஆகுறதுக்குத்தான் அந்தப் பொத்தான், நிறைய பேருக்கு அது இருக்குறதே தெரியாது, ஒரு பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கணும்). ப்ளேடு முனை மழுங்கிருச்சு. அதுலயும் மீறி வந்ததைக் கிளாஸ்ல ஊத்துனா மேல நுரை, நடுவுல சில்லு சில்லா ஐஸ், அடியில இனிப்புத் தண்ணி. பேரன் ரெண்டு உறிஞ்சு உறிஞ்சிட்டு "அப்பத்தா இது பால் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு"ன்னுட்டான்.

நான் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுத்து ரிட்டையர் ஆனவ, அதனால ஏன் இப்படி ஆச்சுன்னு யோசிக்காம இருக்க முடியல. பால்லயே நூத்துக்கு 87 பங்கு தண்ணிதான். அதுல இன்னும் ரெண்டு கப் தண்ணியைக் கட்டியாக்கிப் போட்டா க்ரீம் எங்கிட்டு இருந்து வரும்? குளிர் நாட்டுல குடிக்கிறவரைக்கும் உருகாம நிக்கும், நம்ம சித்திரை வைகாசி வெயில்ல கிளாஸ் சமையக்கட்டுல இருந்து கூடத்துக்கு வர்றதுக்குள்ள பாதி தண்ணியாயிருது. அங்க இருக்குற ப்ளெண்டர் ஐஸ் உடைக்குறதுக்குன்னே செஞ்சது, நம்ம மிக்ஸி இட்லிப்பொடிக்கும் தேங்காச் சட்னிக்கும் செஞ்சது.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிச்சிருப்பீங்கள்ல, அந்தக் கிளாஸ்ல எங்கயாச்சும் ஐஸ் கட்டி மிதக்குதா? கடல்பாசி இல்லாட்டி பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சி ஆறவச்ச பாலு, மேல ஐஸ்கிரீம், அவ்வளவுதான். குளிர்ச்சிக்கு ஐஸ் வேணும்னா அது பாத்திரத்துக்கு வெளியதான் இருக்கும், உள்ள வராது. பாலைச் சுண்டவச்சா தண்ணி போயிரும், தண்ணி குறைஞ்சா ஐஸ் சில்லும் குறையும், நாக்குல மெத்துனு இருக்கும். இந்த ஊர்ல தள்ளுவண்டிக்காரருக்குத் தெரிஞ்ச விஷயம் உங்க இணைப்புல எழுதுனவங்களுக்குத் தெரியல பாருங்க.

அதனால நானே மூணு நாள் செஞ்சு பாத்து சரிபண்ணினேன், அதைச் சொல்றேன் முடிஞ்சா போடுங்க.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் எடுத்துக்கங்க, அதுல 6 சதவீதம் கொழுப்பு இருக்கு, நீலப் பாக்கெட்டு இதுக்கு ஆகாது. அதுல கால் டம்ளர் பச்சையா தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்தை அடி கனமான அகலப் பாத்திரத்துல ஊத்தி பைய சுண்டவிடுங்க, ஓரத்துல ஒட்டுற ஏட்டை வழிச்சு வழிச்சு உள்ளயே தள்ளணும், முக்காவாசிக்கும் கொஞ்சம் கீழ வந்தா போதும். சக்கரை நாலு பெரிய ஸ்பூன். சூடா ருசி பாத்தா திகட்டுற மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க, சில்லுனு ஆனா நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும். சக்கரைக்கு இன்னொரு வேலையும் இருக்கு, அது கரைஞ்ச பாலு சீக்கிரம் கல்லாகாது. அப்புறம் எடுத்து வச்ச பச்சைப் பால்ல கஸ்டர்ட் பவுடர் ஒரு ஸ்பூன் தட்டையா கரைச்சு ஊத்தி கைவிடாம கிண்டி, கொதி வந்து ரெண்டு நிமிஷம் ஆகணும், இல்லாட்டி மாவு வாடை வரும். கஸ்டர்ட் பவுடர்னா வேற ஒண்ணுமில்ல, சோள மாவு, கொஞ்சம் கலர், வெனிலா வாசனை. உங்க சாந்தன் கம் செய்யுற வேலையை, தண்ணியைப் பிடிச்சு வைக்குற வேலையை, இந்த மாவு செஞ்சிரும். நான் முதல்ல பாதாம் பிசினை ஊறவச்சுப் போட்டுப் பாத்தேன், அது கரையாதுங்க, ஊதி ஊதி ஜெல்லியா நின்னு மிக்ஸியில அடிச்சதும் கொழகொழன்னு ஆயிருச்சு, அது ஜிகர்தண்டாவுல ஸ்பூனால அள்ளிச் சாப்பிடத்தான் லாயக்கு.

நல்லா ஆறுனப்புறம்தான் வெனிலா எசன்ஸ், அரை டீஸ்பூன், சூட்டுல ஊத்துனா வாசனை ஆவியில போயிரும், கூட ஊத்துனா கசக்கும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்க. எசன்ஸ் போடுறது மட்டம்னு நினைக்காதீங்க, வெனிலாக் காய்ல மணக்குறதும் பெரும்பாலும் வெனிலின்ங்குற வாசனைப் பொருள்தான், கடை எசன்ஸ்ல இருக்குறதும் அதே வெனிலின்தான், என்ன காய்ல கூட நூறு வாசனை சேர்ந்து வரும். வெனிலாங்குறது ஆர்க்கிட் வகைக் கொடி, மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. அந்தப் பூ ஒரு நாள்தான் விரியும், வெளிநாட்டுல கொண்டுபோயி நட்டா கொடி படருமே ஒழிய காய் பிடிக்காம கிடந்துச்சு. 1841ல இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ரீயூனியன் தீவுல அடிமையா இருந்த 12 வயசுப் பையன் எட்மண்ட் ஆல்பியஸ்தான் ஒரு குச்சியும் கட்டை விரலும் வச்சு மகரந்தத்தை ஒட்டவைக்க வழி கண்டுபிடிச்சான், இன்னைக்கும் பூவுக்குப் பூ கையாலதான் தொடுறாங்க, அப்புறம் காயைப் பதம்பண்ண மாசக்கணக்காகும், விலை ஏன் ஏறாது? நம்ம போடிமெட்டு ஏறுனா வர்ற இடுக்கியில கூட 2000க்கு அப்புறம் விலையைப் பாத்து எல்லாரும் வெனிலா நட்டு, கொஞ்ச வருசத்துல விலை விழுந்து கொடியை அறுத்துப் போட்டாங்க. டீச்சர் புத்தி, பேச்சு எங்கயோ போயிருச்சு.

பாலுக்கு வர்றேன். ஆறுன பால்ல மூணுல ரெண்டு பங்கை ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீசர்ல ராத்திரி பூரா வச்சிருங்க, மிச்சத்தை கீழ் தட்டுல வைங்க. காலைல கட்டியை நகத்தால அழுத்துனா லேசா பதியும், தண்ணி ஐஸ் மாதிரி டங்குனு இருக்காது, அதான் பதம். மிக்ஸியோட ஸ்டீல் ஜாரையும் பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வச்சு எடுங்க. முதல்ல குளிர்ந்த பாலு, அது மேல கட்டி, ப்ளேடு காலியா சுத்தக்கூடாது. குமிழை இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு அடிக்கணும், மொத்தமே முப்பது செகண்டு, கட்டியெல்லாம் சத்தமில்லாம நொறுங்கி ஒரு சுழி விழுந்துச்சுன்னா நிப்பாட்டிருங்க. இன்னும் நல்லா வரட்டும்னு நான் ஒரு தடவை டப்பா ஃப்ரெஷ் க்ரீமும் ஊத்தி ரெண்டு நிமிஷம் ஓட்டுனேன், வெண்ணெய் திரண்டு மூடியில ஒட்டிருச்சு, அன்னைக்கு எல்லாருக்கும் மோர்தான். மேல சொன்ன அளவுக்கு சின்ன டம்ளர்ல மூணு வரும், கவுத்தா உடனே விழாம பைய நழுவும்.

இதுக்கு மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைக்குறவங்க டப்பாவைத் திருப்பி படிச்சுட்டு வாங்குங்க. சாதா ஐஸ்கிரீம்னா பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாதுன்னு சட்டம், "ஃப்ரோசன் டெசர்ட்"னு பொடி எழுத்துல போட்டுருந்தா அதுல பெரும்பாலும் தாவர எண்ணெய்க் கொழுப்புதான். அது தப்புன்னு சொல்லல, ஐஸ்கிரீம்னு நினைச்சு காசு குடுக்காதீங்கங்குறேன். அதே சட்டத்துல ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமாவது இருக்கணும்னும் இருக்கு, அப்ப மிச்சம் காத்துதானே, நம்ம மிக்ஸியில அடிச்சு ஏத்துறதும் அந்தக் காத்தைத்தான்.

மூணாவது நாள் நாத்தனார் வீட்டுல இருந்து ஆறு பேர் வர்றாக, ட்ரேயை உள்ள வச்ச கொஞ்ச நேரத்துல கரண்டு போயிருச்சு. விட்டுருவமா? தெருமுனையில ஐஸ் கட்டி வாங்கியாந்து சாக்குல போட்டு உடைச்சு பக்கெட்டுல மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டு, நடுவுல பால் ஊத்துன தூக்குவாளியை இறுக்க மூடி வச்சு கைப்பிடியைப் பிடிச்சு வலது இடதுன்னு சுத்துனோம். உப்பு சேர்ந்தா ஐஸ் சைபருக்கும் ரொம்ப கீழ குளிரும், பக்கெட்டு வெளிய வெள்ளையா பனி படிஞ்சிருச்சு, பேரன் அதுல விரலால தன் பேரை எழுதிட்டான். ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் மூடியைத் துடைச்சுட்டுத் திறந்து ஓரத்துல கட்டுனதை மரக்கரண்டியால சுரண்டிவிடணும், முக்கா மணி நேரத்துல கூழ் பதத்துக்கு வந்துருச்சு, மிக்ஸியே வேண்டியதில்ல. ஒரு தடவை அவன் துடைக்காம திறந்துட்டான், ஒரு சொட்டு உப்புத் தண்ணி உள்ள போயி ஒரு ஓரம் மட்டும் கரிச்சுச்சு, அந்த டம்ளர் எங்க வீட்டுக்காரவுகளுக்கு, ஒண்ணும் சொல்லாம குடிச்சுட்டாக.

உங்ககிட்ட கேக்குறது இதுதான், சமையல் குறிப்பு போடும்போது ஆபீஸ்ல யார் வீட்டுலயாச்சும் ஒரு தடவை நம்ம மிக்ஸியில நம்ம பால்ல செஞ்சு பாத்துட்டுப் போடுங்க, கப்புனா எத்தனை மில்லின்னு எழுதுங்க. அடுத்த வார இணைப்புல "ஐஸ் கட்டி போடவேண்டாம், பாலையே கட்டியாக்கவும்"னு ஒரு திருத்தமாவது போட்டா இன்னும் நாலு வீட்டு மிக்ஸி தப்பிக்கும். எங்க வீட்டு ப்ளேடை சாணை பிடிக்கக் குடுத்துருக்கேன், இன்னும் வரல, அதுவரைக்கும் சட்னி அம்மியிலதான்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
திருநகர், மதுரை.