மறையூர்ப் பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

மறையூர், காந்தளூர் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விலங்குகளை வரைய வைத்து, அதன் வழியே கணக்குப் பாடத்தின் சமச்சீரைக் கற்றுத்தரும் விடுமுறை வகுப்பு நல்லபடியாக முடிந்தது. ஓவியத்தை நான் பார்த்துக்கொண்டேன், வடிவியலைக் கணக்கு டீச்சர் பார்த்துக்கொண்டார். ஆனாலும் பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டது பலர் தயவால். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் தையற்கடை அண்ணனுக்கு. சட்டையின் முதுகுத் துண்டை அவர் முழுதாக வரைவதே இல்லை. துணியை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி முதுகை வரைந்து வெட்டுகிறார். விரித்தால் இரண்டு தோளும் ஒன்றுபோல வருகின்றன. அந்த மடிப்புதான் சமச்சீர்க் கோடு என்று டீச்சர் சொன்னபோது ஒரு பிள்ளைகூட விளக்கம் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து அரைப் பட்டாம்பூச்சி வரையத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனையும் கேரளத்தின் புத்தமயூரியையும் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். எல்லையில் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டுமே சொந்தம்.

சின்னாறு வனக் காவலர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரிது. நட்சத்திர ஆமையைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொன்னவர், மேலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுவந்தார். ஓட்டின் நடுவே வரிசையாக 5 பெரிய செதில்கள், இருபுறமும் நான்கு நான்கு. பாதி ஆமையை வரைந்து, நடுக்கோட்டில் கண்ணாடியை நிறுத்தினால் முழு ஆமை தெரியும். (ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டுகளைக் காசு வாங்காமல் கொடுத்த உடுமலைக் கடைக்காரருக்கும் நன்றி.) பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, மறுபாதியை அளந்து வரையச் சொன்னோம். ஒரு புள்ளி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரமோ, அதன் இணைப்புள்ளியும் அதே தூரம். இரண்டையும் சேர்க்கும் கோடு நடுக்கோட்டுக்குச் செங்குத்து. இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் ஆமை முதுகில்தான் நம்பினார்கள்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படத்தை உற்றுப் பார்த்து, இடப்பக்கச் செதிலின் மஞ்சள் கோடுகளும் வலப்பக்கத்துக் கோடுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போகவில்லை என்றாள். எனக்கு அன்று மனம் நிறைந்துபோனது. உயிருள்ள உடல் கண்ணாடிப் பிம்பம்போல் அச்சு மாறாமல் அமைவதில்லை. அதைக் கண்டுபிடிக்க, சமச்சீர் என்றால் என்ன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்திருந்தது.

வரையாட்டை நேர்முகமாக வரைந்தால் கொம்புகள் இருபுறமும் இணையாக வருகின்றன, பக்கவாட்டில் வரைந்தால் கோடே கிடைக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகள் வெகுநேரம் வாதாடினார்கள். நத்தை ஓட்டுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கிடையாது.

மயில் கோலம் போட்டுக் காட்டிய பாட்டிக்கு என் வணக்கம். ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு மயில்கள், எல்லாம் ஒரே திசையில் சுற்றி நடக்கின்றன. கண்ணாடியை எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. தாளைக் கால் சுற்றுத் திருப்பினால் அப்படியே பொருந்துகிறது. சுழல் சமச்சீருக்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்த்ததில்லை. பாட்டி அதைச் சிறுவயதிலிருந்து வாசலில் போட்டுவருகிறார்.

வகுப்புக்கு இடம் கொடுத்த கரும்பாலைக்காரர், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மறையூர்ச் சர்க்கரையில் ஓர் உருண்டையை எடுத்து, "இதற்கு எத்தனை கோடு?" என்று கேட்டார். எண்ணி முடியாது என்று பையன்கள் கூவினார்கள். கையால் பிடித்த உருண்டையில் விரல் தடம் இருக்கிறதே என்று ஒருவன் மறுத்தான். உருண்டை அவனுக்கே கிடைத்தது.

படங்களின் பெயர்களை மலையாளத்திலும் அழகாக எழுதித் தந்த சேச்சிமாருக்கும், வேலை நாளிலும் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நன்றி. படங்கள் இப்போது பள்ளி வராந்தாவில் இருக்கின்றன; பள்ளி நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம் என்று தலைமையாசிரியை அனுமதி தந்திருக்கிறார். கண்ணாடித் துண்டுகளையும் அங்கேயே கொடுத்துவிட்டோம். ஓணத்துக்குப் பூக்களம் போடும்போது பிள்ளைகள் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.