சுபயாலத்துக்கு ஒரு முழம் மல்லிகை

ரங்கூன்

அன்புள்ள சரசு,

புத்தகம் வந்து சேர்ந்தது. உன் மருமகனின் சிநேகிதர் அதைக் காளியம்மன் கோயிலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பூசாரி பத்து நாள் வைத்திருந்து, பாதி படித்துவிட்டுத்தான் கொடுத்தார். பக்கங்களுக்கு நடுவில் விபூதி உதிர்கிறது. மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இன்னொன்று பாக்கி. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை. இந்த நாவலை முக்கால்வாசி சார்ஜ் லைட்டில்தான் படித்து முடித்தேன்.

பர்மாவின் கடைசி ராஜா திபோ, அவர் ராணி சுபயாலத் கதை நமக்குத் தெரியாததா என்ற அலட்சியத்தோடுதான் எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டு மரப்படியில் உட்கார்ந்து நீதான் எப்போதும் சுபயாலத் ராணி. நான் எப்போதும் உன் உத்தரவில் சாகிற இளவரசி. ஒருநாள்கூட மாற்றி ஆட விட்டதில்லை நீ!

இந்த நாவலாசிரியர் அந்தப் பழைய ராட்சசியை விட்டுவிட்டு, ஒரு அரசியல் குடும்பத்தைக் காட்டுகிறார். 1878-ல் திபோவின் அப்பா மின்டோன் ராஜா சாகக் கிடக்கும்போதே சுபயாலத்தின் அம்மா சின்பியூமாஷின் ராணி, 'அப்பா பார்க்க ஆசைப்படுகிறார்' என்று இளவரசர்களை வரவழைத்து அடைத்துப் போடுகிறாள். மருமகன் திபோ அப்பிராணியாக இருந்தால் மாமியார் ஆளலாம் என்று கணக்கு. கணக்குத் தப்பி, மகளே மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வருஷம் நடந்த கொலைகளில் செத்தவர்கள் எண்பது பேர் வரை. அதை அவர் மழுப்பவில்லை. ஆனால் ரத்தத்தைக் காட்டாமல், மறுநாள் காலை அரண்மனைச் சமையல்கட்டில் எத்தனை தட்டு குறைவாக வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

தேக்கு விவகாரமும் அப்படித்தான். பம்பாய் பர்மா கம்பெனிக்கு ராஜாவின் சபை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, அதைச் சாக்கிட்டு வெள்ளைக்காரன் படையெடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். இவர் தவுங்கூவில் மரம் எண்ணுகிற ஒரு குமாஸ்தாவை வைத்து அதைச் சொல்கிறார். எவ்வளவு பழைய தாள்களைப் புரட்டியிருப்பார்! ஆனால் புரட்டினேன் என்று எங்கேயும் மார்தட்டவில்லை. நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு பேச்சுவார்த்தை என்று வரும் அத்தியாயம் மட்டும் இழுவை. அதைத் தாண்டிப் போய்விட்டேன், நீயும் அப்படித்தான் செய்திருப்பாய்.

ஒரு தப்பு கண்டுபிடித்தேன், அவரைத் தெரிந்தால் சொல்லு. 1885 நவம்பரில் ராஜாவை மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் படௌக் பூ உதிர்ந்து கிடந்ததாம். நவம்பரில் ஏது படௌக்? தண்ணீர்த் திருவிழா சமயம், முதல் மழை பெய்த மறுநாள் அல்லவா மரமே மஞ்சளாகும்! ஏட்டில் படித்தவர், இங்கே ஒரு சித்திரை இருந்து பார்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்தியாவுக்கு நாடுகடத்திய ராஜாவை வைத்திருந்த ரத்னகிரிப் பகுதி. முப்பது வருஷம், சரசு! பென்ஷனைக் கூட்டிக் கொடுங்கள் என்று மனு மேல் மனு. நகையை விற்று வீட்டுச் செலவு. பெண்கள் வளர்ந்து நின்ற பிறகு காதுகுத்துக் கல்யாணம். மூத்தவள் அரண்மனைக் காவலாளியோடு வாழப் போய்விட்டாள். ராஜாவுக்குப் பெரிய மாளிகை கட்டி முடித்தது 1910-ல். அதில் ஆறு வருஷம் இருந்தார், அவ்வளவுதான். மூன்றாவது பெண் பிறந்தது உங்கள் மெட்ராஸில் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரத்னகிரிக்கு அனுப்புமுன் அங்கேதானே வைத்திருந்தார்கள். இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னாயா?

படித்து முடித்த மறுநாள் சுபயாலத்தைப் பார்க்கப் போனேன். ஷ்வேடகோன் பகோடா தெற்கு வாசலுக்குப் போகிற ரோட்டில்தான் இருக்கிறாள். எத்தனை தடவை பஸ்ஸில் கடந்திருப்பேன், இறங்கியதில்லை. 1919-ல் திரும்பிவந்தவள் 1925-ல் இங்கேயே செத்தாள். பழைய தலைநகர் மாண்டலேக்குப் போக விடவில்லை. கேட் பூட்டியிருந்தது, கம்பி வழியாக வெள்ளைக் கல்லறையைப் பார்த்தேன். அதே வரிசையில் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட். சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சான் ஜெனரலின் மனைவி டா கின் ச்சீயும் அங்கேதான். அது வேறு குடும்பம், வேறு நாவல். கடிதத்தில் எழுதுகிற காலமில்லை இது. வாங்கிப் போன மல்லிகை ஒரு முழத்தைக் கம்பியிலேயே சுற்றிவிட்டு வந்தேன். ஒரு பர்மியப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். 'சொந்தமா?' என்று கேட்டாள். 'சின்ன வயசில் எனக்கு மரண தண்டனை கொடுத்தவள்' என்றேன். சிரித்துக்கொண்டே போனாள், புரிந்திருக்காது.

ராஜாவின் மாணிக்கக் கல் தொலைந்த அத்தியாயத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். வெள்ளைக்கார அதிகாரி வாங்கிப் பார்த்தான், அப்புறம் கல்லைக் காணவில்லை என்கிற இடம். 1964-ல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் உன் அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னபோது நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உன் அம்மா ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். நீதான் அழுதாய். இந்த அறுபது வருஷத்தில் அதைப் பற்றி நாம் ஒரு கடிதத்தில்கூட எழுதிக்கொண்டதில்லை. பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் விளக்கை அணைக்காமல் இருந்தேன்.

அம்மாவுக்குக் கடைசிவரை வேறு தோடு வாங்கிப் போட்டீர்களா? இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை, எழுது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன். பூசாரி மீதிப் பாதிக்குக் காத்திருக்கிறார். பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் எனக்காக ஒரு தட்டு பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடு. நன்றாக இருந்ததாக மட்டும் எழுதிவிடாதே, நம்பமாட்டேன்.

உன்,
மீனாட்சி