கோபுர்க் கோமகன் ஒதுங்கி வாழவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜெர்மனியின் கோபுர்க் நகரக் கட்டுரையில், அதை ஆண்ட கடைசிக் கோமகன் (டியூக்) கார்ல் எட்வர்ட் 1918இல் முடி துறந்தபின் ‘அரசியலை விட்டு ஒதுங்கிச் செஞ்சிலுவைத் தொண்டில் நாளைக் கழித்தார்’ என்று ஒரு வரி இருக்கிறது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

விக்டோரியா அரசியின் பேரனான அவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும், ஜெர்மன் செஞ்சிலுவைத் தலைமை அந்த ஆட்சியில்தான் அவரிடம் வந்து 1945 வரை அவரிடமே இருந்தது என்பதும், போருக்குப் பின் விசாரணை நடந்து அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்தப் பதவியையா தொண்டு என்கிறோம்? ஊரும் சளைத்ததில்லை, 1929 நகர்மன்றத் தேர்தலிலேயே 25 இடங்களில் 13ஐ நாஜிகளுக்குக் கொடுத்து, அவர்களுக்குப் பெரும்பான்மை தந்த முதல் ஜெர்மன் நகரம் அது.

நான் 1990களில் அங்கே ஆறாண்டுகள் வேலை பார்த்தவன். சந்தைச் சதுக்கத்தில் பைன் காய்களை எரித்துத் தொத்திறைச்சி சுடும் புகைக்கு நடுவே நிற்கும், விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசரின் சிலையை, 1865இல் விக்டோரியாவே வந்து திறந்துவைத்த கதையை வீட்டுக்கார மூதாட்டி ஆசையாகச் சொல்வார். கார்ல் எட்வர்டைப் பற்றிக் கேட்ட அன்று மட்டும், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஊர்வலத்தில் அவர் முன்வரிசையில் போனார், நாங்கள் கை தட்டினோம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பாட்டிக்கு மறைக்கத் தோன்றாததைத் தங்கள் கட்டுரை ஏன் மறைக்க வேண்டும்?

இது முதல் முறையும் அல்ல. அக்காலக் கோமகனின் இளைய மகனாக 1819இல் பிறந்த ஆல்பர்ட்டை முன்பொருமுறை ‘ஜெர்மன் மன்னர்’ என்று எழுதினீர்கள். 1530இல் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் ஏறக்குறைய அரையாண்டு தங்கியிருந்த கோட்டை என்று சொல்லி, வேறெங்கோ உள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையின் படத்தை அச்சிட்டீர்கள். மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 1920இல் பவேரியாவோடு இணைந்த ஊரைத் தொன்றுதொட்டுப் பவேரிய ஊர் என்றீர்கள். மூன்றுக்கும் கடிதம் எழுதினேன். ஒரு வரி பதிலும் வரவில்லை. இருபது ஆண்டுச் சந்தாதாரருக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய சந்தாதாரர்,
திருச்சி