பாப்பாவுக்கு, உன் ஊரின் ஜாதகம்

மார்கழி 22, ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். குளிர் இறங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அத்தை விஷயம் அப்படியேதான் இருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. நீ போன் பண்ணி இருபத்தாறு நாள் ஆகிறது. நான் ஒன்றும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. காலண்டரில் தாள் கிழிக்கும்போது தெரிகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை அதிகம் என்று நானே அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ராத்திரி சாப்பிடுகிறாயா? கொரியாவில், உன் கியோங்ஜுவில் மைனஸ் ஆறு என்று போன் காட்டுகிறது. காலுறை இரண்டாகப் போட்டுக்கொள்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். உன் ஊருக்கு ஒரு ஜாதகம் கணித்திருக்கிறேன். சிரிக்காதே. நாட்டுக்குப் பலன் வருஷா வருஷம் பஞ்சாங்கத்திலேயே போடுகிறார்கள். என் மகள் மூன்று வருஷமாகக் குடியிருக்கிற ஊருக்கு நான் பார்க்கக்கூடாதா?

உன் ஊரைத் தலைநகராக வைத்து ஆண்ட சில்லா ராஜ்யம் பிறந்தது கி.மு. 57. வடக்கே விக்ரம சகாப்தம் தொடங்குகிற வருஷமும் அதுதான், கவனித்தாயா? நம்மைப் போலவே அவர்களுக்கும் அறுபது வருஷச் சுற்று உண்டு. அதில் அது முதல் வருஷம், கப்ஜா. நம் சுற்றைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் ரக்தாட்சி வருகிறது. வெள்ளைக் குதிரை ஒன்று கிணற்றடியில் மண்டியிட்டிருந்ததாம். அங்கே கிடந்த முட்டையிலிருந்து வந்த பிள்ளை ஹியோக்கோசே. ஆறு கிராமத்துப் பெரியவர்கள் சேர்ந்து அவனைப் பதின்மூன்று வயதில் ராஜாவாக்கினார்கள். அங்கிருந்து 935 வரை, ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஒரே ஊர் தலைநகரம். ஆயுள் ஸ்தானத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாள்தான் சிக்கல். 1145-இல் கிம் புசிக் தொகுத்த சாம்குக் சாகி என்கிற சரித்திரப் புத்தகத்தில் நான்காம் மாதம் பட்டம் கட்டியதாக இருக்கிறது. பக்கத்திலேயே, முதல் மாதம் பதினைந்து என்றும் சொல்வார்கள் என்று ஒரு குறிப்பு. நான் பதினைந்தை எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய முதல் மாதப் பௌர்ணமி நம் தைப்பூசத்தையோ மாசி மகத்தையோ ஒட்டித்தான் வரும். ஆக சந்திரனை மகத்தில் வைத்தேன். வைத்த பிறகு பார், எல்லாம் எப்படி வந்து உட்காருகிறது!

மகத்துக்கு அதிதேவதை பித்ருக்கள். உன் ஊரில் நடு டவுனிலேயே ராஜாக்களின் சமாதிகள், பச்சைப் புல் போர்த்திய குன்று குன்றாக. நீ முதல் வருஷம் வீடியோ காலில் காட்டினபோது ஏதோ பார்க் என்று நினைத்தேன். 1973-இல் அதில் ஒன்றைத் தோண்டினார்கள், உள்ளே தங்கக் கிரீடம். செத்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் கூடவே வைத்துக்கொண்டு, கிரீடத்தையும் கொடுத்து மண்ணை மூடிவிட்டுப் பேசாமல் இருக்கிற ஊர். கையில் இருப்பதைக் காட்டாத சுபாவம். கேட்டாலும் சொல்லாது. தோண்டினால்தான் உண்டு.

மகத்துப் பெண் ஜகத்தை ஆள்வாள் என்று உன் பாட்டி சொல்வாள் அல்லவா? கொரியா சரித்திரத்தில் பட்டம் கட்டிக்கொண்டு ஆண்ட ராணிகள் மூன்று பேர், மூவரும் சில்லாக்காரிகள். முதல்வள் சோன்டோக், 632 முதல் 647 வரை. சீனச் சக்கரவர்த்தி அவளுக்கு ஒரு பூ ஓவியம் அனுப்பினானாம். பூவைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி இல்லை, அதனால் இதற்கு வாசனை இருக்காது என்று அவள் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். துணையில்லாதவள் என்று அவன் குத்திக்காட்டியதாகவும் புரிந்துகொண்டாளாம். துணையில்லாமலேயே நாட்டை ஆண்டாள், உண்மைதான். ஆனாலும் ஒரு வயதுக்கு மேல்... சரி, அது எதற்கு இப்போது.

நட்சத்திரம் பார்க்கிற கல் கோபுரம் சொம்சோங்டே அவள் காலத்தில் கட்டியது. நீ போன மாதம் அனுப்பின போட்டோவைப் பெரிதாக்கிக் கல் வரிசையை எண்ணினேன். கண் வலித்தது, பாதியில் விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். இருபத்தேழு! நடுவில் தெற்குப் பார்த்த ஜன்னல், அதற்குக் கீழே பன்னிரண்டு வரிசை, மேலே பன்னிரண்டு. பன்னிரண்டு ராசி, இருபத்தேழு நட்சத்திரம் என்று நான் துள்ளினேன். சோன்டோக் இருபத்தேழாவது ஆட்சியாளர், அதற்காகத்தான் என்பது அவர்கள் கணக்கு. உச்சிக் கல்லையும் சேர்த்தால் இருபத்தெட்டு. நமக்கும் அபிஜித்தைச் சேர்த்தால் இருபத்தெட்டுதானே. ஒன்பது மீட்டர் உயரத்தில் வெறும் கல்லால் ஒரு பஞ்சாங்கம்! நீ தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாய் என்று ராமன் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் போட்டோவில் நீ இளைத்திருக்கிறாய். யார் எடுத்தது என்று அம்மா கேட்டாள். தரையில் உன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்திருக்கிறது. அம்மாதான் கேட்டாள்.

பூமிகாரகன் செவ்வாயைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் அங்கே 5.8 அளவு நிலநடுக்கம். கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு தென்கொரியாவில் அதுதான் பெரியது. மேஜைக்கு அடியில் போக வேண்டும், லிஃப்டில் ஏறக்கூடாது. டார்ச் தலைமாட்டில் இருக்கட்டும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, அந்த நேரத்தில் தலை சுற்றும்.

அப்புறம் அந்த டேசோங் கதை. கிம் டேசோங் என்கிற மந்திரி இந்தப் பிறவிப் பெற்றோருக்காகப் புல்குக்சா கோயிலையும், போன பிறவிப் பெற்றோருக்காக மலைமேல் சொக்குராம் குகையையும் கட்டத் தொடங்கினானாம், 751-இல். போன பிறவி அம்மாவுக்குக்கூட ஒருத்தன் கோயில் கட்டுகிறான். இங்கே இந்தப் பிறவி அம்மா இருபத்தாறு நாளாகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீரை ஆய்கிறாள். கோபத்தில் எழுதவில்லை. இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

நேற்று அந்த ஜாதகத்தை நல்ல பேப்பரில் எடுத்தெழுத உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அங்கேயும் இரண்டு பேரின் பிறந்த நேரத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்களாம், குங்ஹாப் என்று பெயர். அதையும் ஓரத்தில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தவனுக்குக் கை ஓடவில்லை. அந்தச் சரித்திரப் புத்தகத்தில் இருந்தது இரண்டு நாள். எனக்கு வேண்டிய பலன் வருகிற நாளை எடுத்துக்கொண்டேன். சந்திரன் மகத்தில் தானாக வந்து உட்காரவில்லை, நான்தான் உட்காரவைத்தேன்.

பாப்பா, நான் இதை முன்பும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

அந்தப் பையன் வீட்டில் ஜாதகம் எழுதுகிற வழக்கமில்லை என்று பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீதான் கொண்டுவந்து கொடுத்தாய். காலை 6.10. உத்திரம். அன்றைக்கு அந்த நட்சத்திரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. உன் ரோகிணிக்கு உத்திரம் ஒன்பதாவது, தினப் பொருத்தம் உண்டு. கணம் ஒன்று. ரஜ்ஜு தட்டவில்லை. என் நீள நோட்டில் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வேறு ஆட்கள். பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் நோட்டிலிருந்த 6-ஐ 8 ஆக்கினேன். மேலே ஒரு வளைவு, அவ்வளவுதான் வேலை. உத்திரம் அஸ்தமாகிவிட்டது. ரோகிணியும் அஸ்தமும் ஒரே கண்ட ரஜ்ஜு, பெண்ணுக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று அம்மா எதிரில் வைத்துச் சொன்னேன். அம்மா அழுதாள். அவள் அழுததைப் பார்த்துத்தான் நீ விட்டுக்கொடுத்தாய். எனக்காக இல்லை, அது எனக்குத் தெரியும். நாலு மாதத்தில் கொரியாவுக்கு விசா வாங்கிவிட்டாய்.

பெரியப்பா போய்ச் சேர்ந்தும் ஒன்றரை வருஷமாகிறது. காரியத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தருக்கும் நம் வீட்டு நினைப்பே இல்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன செய்வாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொன்னால் சொல்லிவிடுகிறேன், வேண்டாமென்றாலும் எப்போதாவது சொல்லத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய 6 தெரியும், மை வேறு.

அந்த இரண்டாவது நிழலைப் பற்றிக் கேட்டது அம்மா இல்லை, நான்தான். யாராக இருந்தாலும் பிறந்த நேரம் கேட்க மாட்டேன்.

பார்சலில் புளிக்காய்ச்சல், மோர் மிளகாய், கறிவேப்பிலைப் பொடி, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. புளிக்காய்ச்சல் டப்பா மூடியைச் சுற்றி நாலு சுற்று டேப் ஒட்டியிருக்கிறேன். கத்தரிக்கோல் எடு, வழக்கம்போலப் பல்லால் கடிக்காதே.

அப்பா