சிப்பாய் ஒன்று குறைந்த அன்று: மாமல்லபுரத்திலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் மல்லை ஊர்க்காரர்களுக்கும், இரண்டு வாரம் இங்கே இரவு பகலாக வேலை பார்த்தவர்களுக்கும், விளையாட வந்தவர்களுக்கும் அன்பான வணக்கம்.

ஐந்து ரதம் போகிற வழியில் மாக்கல் சாமான் விற்கிற சின்னக் கடை என்னுடையது. உலக நாடுகளின் அணிகள் மோதுகிற 2022 செஸ் ஒலிம்பியாட் எங்கள் ஊரில் முடிந்து பத்து நாள் ஆகிறது. போட்டி நடந்த பூஞ்சேரிப் பக்கம் வண்டிச் சத்தம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் இந்த மடலை எழுதாமல் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

ஏன் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றால், மார்ச் மாதம் எங்கள் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் பேசியதும் எல்லோரும் கேட்கிற மாதிரிதான் இருந்தது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு நம்மிடம் வருகிறது என்று செய்தி வந்த அன்று குழு முழுக்க ஒரே பட்டாசுப் படமாக இருந்தது. நான் மட்டும் குரல் பதிவு போட்டேன். "இது நம்ம வீட்டு விசேஷம் இல்லை. நாம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். கல்யாணம் அவர்களுக்கு, பந்தல் போட இடம் மட்டும் நம்முடையது" என்று சொன்னேன். நான்கு பேர் ஆமாம் போட்டார்கள்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்தபோது ஊர் பளபளவென்று ஆனது. உலகமே நம்ம அர்ச்சுனன் தபசையும் வெண்ணெய் உருண்டைக் கல்லையும் பார்த்தது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த நாட்களில் எங்களைக் கடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சிலைகளைச் சாக்கில் கட்டி, நாத்தனார் வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்து, டிவியில் என் தெருவைப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்த தெரு. அதன் பிறகு கூட்டம் வந்தது உண்மை. ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்து கடற்கரைக் கோயில் கதவையே பூட்டியதும் உண்மை. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பட்டறையில் உளிச் சத்தம் நின்றது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் 92 கோடி, 186 நாடு என்றெல்லாம் பேப்பரில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

என் மனதை முதலில் அசைத்தவர் என் மகளின் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் போட்டி நடத்துகிறார்கள் என்றதும், மாலை நாலரை மணிக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்காக யாரும் அவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவில்லை. வகுப்பில் இருந்ததே இரண்டு போர்டு. மீதிப் பிள்ளைகளுக்கு அட்டையில் கட்டம் போட்டு, சோடா மூடிகளில் பேனாவால் ரா, கு, யா என்று எழுதிக் காய் ஆக்கினார். ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பள்ளி அளவிலேயே தோற்றுவிட்டாள். அன்று இரவு சோறு சாப்பிடாமல் சோடா மூடிகளை வைத்துத் தோற்ற ஆட்டத்தை மறுபடி மறுபடி ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு என்றாலே வயிற்று வலி வருகிற பிள்ளை அவள். டீச்சர், உங்களுக்கு நேரில் சொன்னது போதாது. இங்கேயும் சொல்கிறேன், ரொம்ப நன்றி.

அடுத்து தூய்மைப் பணியாளர்களுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு நான் பாலுக்குப் போகும்போது நீங்கள் பாதித் தெருவைக் கூட்டி முடித்திருப்பீர்கள். மெயின் ரோட்டை மட்டும் சுத்தம் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் சந்துக்குள்ளும் வந்தீர்கள். கல் அறுத்த தூசியும் சில்லும் மழைத்தண்ணீரில் கரைந்து சாக்கடையை அடைத்துக்கொள்ளும். அதை வழித்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ராத்திரி கம்பம் ஏறின மின்வாரிய அண்ணன்கள், வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண் போலீஸ் தங்கைகள், உங்களுக்கும்தான். ஒரு தங்கை, பெயர்ப் பட்டையைக் கூட நான் பார்க்கவில்லை, என் தள்ளுவண்டிச் சக்கரம் மண்ணில் இறங்கியபோது தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். இந்தத் தடவையும் சில பேர் கொஞ்ச நாள் இடம் மாற வேண்டி வந்தது. அவர்கள் வருத்தம் நியாயமானது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் கடை நின்ற இடத்திலேயே நின்றது.

இனி ஆகஸ்ட் 4 வியாழக்கிழமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு சுற்று முடிந்து ஆட்டக்காரர்களுக்கு அன்று ஓய்வு நாள். மற்ற நாட்களில் மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் என்பதால் அவர்கள் வெளியே வருவது குறைவு. அன்று காலையிலிருந்தே கழுத்தில் அடையாள அட்டையோடு ஐந்து ரதம் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் அணிச் சட்டை போட்ட ஒரு பெண் என் கடை முன் நின்றார். அனுமதி கேட்காததால் அவர் பெயரும் நாடும் இங்கே வேண்டாம். மாக்கல் செஸ் செட் ஒன்றைக் கையில் எடுத்தார். விலை பேசவே இல்லை. ஒவ்வொரு காயாக எடுத்து, அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக் கட்டத்தில் வைத்தார். எல்லாம் வைத்து முடித்தால் கறுப்பில் ஒரு சிப்பாய் இல்லை. ஏழுதான் இருந்தது.

எனக்குக் கை காலெல்லாம் ஓடவில்லை. அலமாரி, கூடை, சாக்கு எல்லாவற்றையும் உதறினேன். வேறு செட் காட்டினேன். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. அந்தக் குதிரையின் பிடரி வெட்டு வேறு எதிலும் இல்லை, அதைச் செதுக்கியவர் எதிர்ப் பட்டறைப் பெரியவர். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் சாலையைக் கடந்து வந்துவிட்டார். ஏழு சிப்பாயில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்லும்மா" என்றார்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னது ஒரு கல்லூரித் தன்னார்வலப் பிள்ளை. அவளுக்கு அன்று எங்கள் தெருவில் வேலையே இல்லை. வழி கேட்ட யாரையோ கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், நின்று உதவினாள். கரும்பு ஜூஸ் கடை அக்கா நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஐஸ் இல்லாமல் ஒரு கிளாஸ் ஜூஸும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மகள் பள்ளிவிட்டு வந்தவள், புத்தகப் பையை இறக்காமலே போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஆட்டக்காரப் பெண் எதிரே இருந்த முக்காலியைக் காட்டி, உட்கார் என்று கையாலேயே சொன்னார்.

இல்லாத சிப்பாய்க்கு ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு இருவரும் ஆடினார்கள். பெரியவர் எங்கள் படியிலேயே உட்கார்ந்து கறுப்பு மாக்கல் துண்டை ரம்பத்தால் அறுத்தார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கல்லை இடுக்கிக்கொண்டு அரத்தால் ராவினார். உருண்டைத் தலை வந்தது, கழுத்து வந்தது, அடி அகன்றது. அப்புறம் தண்ணீர் தொட்டு உப்புத்தாள், கடைசியில் மெழுகு. சாம்பல் நிறத்தில் இருந்த கல் மெழுகு பட்டதும் கறுத்தது. மகள் இதற்குள் இரண்டு ஆட்டம் தோற்று மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்தில் அவள் ஒரு தப்பு நகர்த்தல் செய்தபோது, அந்தப் பெண் அவள் நகர்த்திய யானையைத் திரும்ப எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்துவிட்டு, மறுபடி யோசி என்கிற மாதிரி காத்திருந்தார். அவள் யோசித்தாள். நிறைய நேரம் யோசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெரியவர் புதுச் சிப்பாயைக் கூழாங்கல் இருந்த கட்டத்தில் வைத்தார். மற்ற ஏழோடு அது கலந்துவிட்டது. எது புதிது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அதைத் தலைகீழாகத் திருப்பி, கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டார். பெரியவர் ஊசி உளியால் "மல்லை" என்று கீறிக் கொடுத்தார். தன் பெயரைப் போடவில்லை. கூலியும் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் தன் சட்டையில் குத்தியிருந்த நாட்டுக்கொடிப் பின்னைக் கழற்றி அவர் துண்டில் குத்திவிட்டுப் போனார். பெரியவர் இன்றைக்கும் அதைக் கழற்றவில்லை.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: நான் மார்ச்சில் சொன்னது தப்பு, இது நம்ம வீட்டு விசேஷம்தான்.

பெண்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை விலையில் டிக்கெட் இருக்கிறது என்று டீச்சர்தான் சொன்னார். அவரே செல்போனில் எடுத்தும் கொடுத்தார். ஆகஸ்ட் 6 சனிக்கிழமை, எட்டாவது சுற்று. உள்ளே போனால் அவ்வளவு பெரிய கூடத்தில் கடிகாரத்தை அமுக்குகிற டக் டக் மட்டும்தான் கேட்கிறது. இத்தனை நாடு, இத்தனை நிறம், இத்தனை வயது, எல்லோரும் குனிந்து ஒரே விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கருவறை முன் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. அன்று நம்ம குகேஷ், பதினாறு வயதுப் பிள்ளை, அமெரிக்காவின் கருவானாவை ஜெயித்தான். தொடர்ந்து எட்டாவது வெற்றி. இந்தியாவின் இரண்டாவது அணியான 'பி' அணி அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தியது. வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஒரு பாட்டியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், இருவரும் அழுதோம்.

இரண்டு நாள் கழித்து அதே பிள்ளை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைக் கடையில் போனில் பார்த்தோம். அன்று எங்கள் தெருவில் வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்லலாம். உஸ்பெகிஸ்தான் பிள்ளைகள் தங்கம் வாங்கினார்கள், அவர்களுக்கும் அது தகும். நம்ம 'பி' அணிக்கு வெண்கலம், அணிகளின் முதல் பலகையில் ஆடியவர்களுக்குள் சிறந்தவன் என்று குகேஷுக்குத் தனித் தங்கம்.

பெண்கள் அணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹரிகா நிறைமாதம். அந்த வயிற்றோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடினார். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். ஒன்பதாம் மாதத்தில் கடை முக்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, இடுப்பு விட்டுப்போகும். கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றுத் தங்கம் கைநழுவியபோது மனசு கனத்தது. ஆனாலும் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் வாங்கின முதல் பதக்கம் அந்த வெண்கலம். ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா, பக்தி, ஐந்து பேருக்கும் இந்தத் தெருப் பெண்கள் சார்பில் நன்றி.

தங்கம் உக்ரைன் பெண்களுக்குப் போனது. எந்தப் போரால் இந்தப் போட்டி எங்கள் ஊருக்கு வந்ததோ, அந்தப் போர் நடக்கிற நாட்டிலிருந்து வந்து ஜெயித்தார்கள். அவர்கள் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, வீட்டில் யார் எப்படி இருக்கிறார்களோ என்ற நினைப்போடு இங்கே காய் நகர்த்தியிருப்பார்கள். உங்கள் வீட்டார் நலமாக இருக்க வேண்டும் என்று தலசயனப் பெருமாள் கோயிலில் விளக்குப் போட்டேன். உங்களுக்கு இது தெரியவராது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பணம் கொட்டியதா என்று கேட்பவர்களுக்கு: கொட்டவில்லை. வந்த ஆட்டக்காரர்களைவிட அவர்களைப் பார்க்க வந்த நம்ம ஊர்க் குடும்பங்களிடம்தான் வியாபாரம் ஆனது. சுமாரான ஒரு சீசன் அளவுக்கு வந்தது, அதில் பெரியவருக்கு ஆறு செட்டுக்கு ஆர்டரும் வந்தது. இரண்டு வருடக் கடனில் ஒரு பகுதி அடைந்தது. அதற்கும் நன்றி.

இப்போது மாலை ஐந்து மணிக்கு மகள் கடை வாசலில் போர்டு விரிக்கிறாள். ஜூஸ் கடை அக்காவின் மகனும் இரண்டு பட்டறைப் பையன்களும் வருகிறார்கள். டீச்சர் சனிக்கிழமை வருகிறார்.

கடைசியாக அந்த ஆப்பிரிக்கச் சகோதரிக்கு. யாராவது படித்து உங்களுக்குச் சொல்வார்கள் என்று நம்பி எழுதுகிறேன். காணாமல் போன சிப்பாய் மறுநாள் தார்ப்பாய் மடிப்பில் கிடைத்தது. மகள் அதைக் கல்லாப் பெட்டி மேல் வைத்திருக்கிறாள், விற்க விடமாட்டேன் என்கிறாள். மூன்றாவது ஆட்டம் பாதியில் நிற்கிறது, காய்கள் எங்கெங்கே இருந்தன என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்து உங்கள் முறையாம்.