ஓரணா

காரைக்குடி

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வெயிலில் அலையாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

போன சனிக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை, கலாம் வீட்டுக்கு. லீவுக்கு வந்த நாளிலிருந்து பையன் அதே பாட்டுத்தான். விடியுமுன் கிளம்பி தேவகோட்டை, திருவாடானை, ராமநாதபுரம் என்று போனோம். வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை மண்டபம் வருவதற்குள் காலி.

குடிசையை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவாய். பள்ளிவாசல் தெருவில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு அது. ஓரளவு பெரிய வீடுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். மேடைக்கு மேடை ‘ஏழை வீட்டுப் பையன்’ என்று பேசி நாம்தான் அதைக் குடிசையாக்கிவிட்டோம். மாடியில் காட்சிக்கூடம், சங்கும் சிப்பியும் விற்கிற கடை. நல்ல கூட்டம். பேய்க்கரும்பில் இருக்கிற அவர் நினைவிடத்துக்கும் போனோம். பையனுக்கு அங்கே இருந்த ஏவுகணை மாதிரிதான் பிடித்தது. எனக்கு அந்தத் தெருதான்.

1939-ல் யுத்தம் ஆரம்பித்தபோது கலாமுக்கு ஏறக்குறைய எட்டு வயது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி. பொறுக்கிக்கொண்டு போய் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் கொடுத்தால் நாளைக்கு ஓரணா கிடைக்குமாம். அப்புறம் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதால், ஓடுகிற வண்டியிலிருந்து வீசுகிற பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்கிற வேலை. அதற்குக் கிடைத்ததுதான் முதல் சம்பளம் என்கிறார்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் புளியங்கொட்டை எதற்கு? ஆச்சிமார் மத்தியானம் பட்டாலையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆட. ஊருக்கு ஊர் கல்லும் தேக்குமாக வீடு எழும்பியிருந்த காலம். அதே யுத்தம்தான், ஜப்பான்காரன் வந்ததும், நம் ஐயாமாரை பர்மாவிலிருந்து நடையாய் நடக்க வைத்தது. அங்கே ஒரு பிள்ளை கையில் காசு வைத்தது, இங்கே நம்மவர்களின் பர்மா வட்டிக்கடைகளை வாரிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது பாம்பன் பாலம் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் இரண்டு தடவை ஏதோ கேட்டிருக்கிறான், என் காதில் விழவில்லை.

வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். பதினோரு பங்காளி, பதினோரு சாவி. தூணுக்கு விலை கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறான். முகப்பைக் கூட்ட ஆள் இல்லை. அந்தச் சின்னத் தெருவில் ஜனம் வெயிலில் காத்து நின்றதைப் பார்த்தபோது, உன்னிடம் சொல்வதற்கென்ன, கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் பையன் சமையல்கட்டில் அப்பத்தாவின் புளிச்சட்டியைக் கிளறி ஒரு கை கொட்டை சேர்த்துவிட்டான். “ஐயா, ஓரணா கொடுங்க” என்று வந்து நிற்கிறான். பெட்டகத்தைத் துழாவினேன். ரங்கூன் ரசீதுகளுக்கு நடுவே நிஜமாகவே ஒரு ஓரணா, ஓரம் வளைவு வளைவாக இருக்குமே, அந்தக் காசு. எங்கள் ஐயா வெறுங்கையோடு வந்தார் என்றுதான் இத்தனை நாள் கேள்விப்பட்டிருந்தேன்.

கொட்டையை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டேன். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு வா. பல்லாங்குழிப் பலகையும் அகப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
சொக்கு